பேர் வெட்டத் தெரியாத ரைட்டர்

சாகும்வரை யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று ஐயாக்கண்ணு எடுத்த முடிவு ஒரு முடிவெட்டில் பிறந்தது. முடி அவருடையது அல்ல, ஜெப்சனுடையது.

ஐயாக்கண்ணு கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் எழுத்தாளர் அல்ல. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவருக்கு முழு நாள், பாதியில் போனவருக்கு அரை நாள், வராதவருக்குச் சுழி என்று போடுகிறவர். எழுத்தாளர் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ரைட்டர் எழுதினால் ஒரு வீட்டில் உலை ஏறும், அல்லது ஏறாது. ஜெப்சன் அதே எஸ்டேட்டில் மேஸ்திரி. இருவரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். ஜெப்சன் வந்த பணத்தையெல்லாம் மகன் கையில் கொடுத்துவிட்டு, "இனி எனக்கென்ன கவலை" என்றார். ஆறு மாதம் கழித்து ஒண்டிக்கடை பஜார் சலூனில் துண்டு போர்த்தி உட்கார்ந்த நிலையில் மகனுக்குப் போன் போட்டு, நூற்றைம்பது ரூபாய் அனுப்பச் சொன்னார். மகன் ஒரே ஒரு சொல் கேட்டான்.

"எதுக்கு?"

ஜெப்சனின் தலையைப் பார்த்தால் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த ஐயாக்கண்ணுவுக்கு அந்தச் சொல் சவரக்கத்திபோல இறங்கியது. வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நம்ம தினேஷு அப்படியெல்லாம் கேக்க மாட்டானுங்க," என்றாள் மனைவி சின்னத்தாயி.

"அவன் கேக்க மாட்டான். அவன் பொண்டாட்டி கேப்பா."

"அவ நல்ல புள்ளைங்க."

"நல்ல புள்ளதான். நல்ல புள்ளைங்க மெதுவாக் கேப்பாங்க. அதுதான் நொம்ப வலிக்கும்."

அவர்கள் வீடு மஞ்சக்குட்டையில், சாலைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருந்தது. மூடுபனி மலையில் வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டால் அங்கே வந்து தங்கும். செல்போன் சிக்னல் மட்டும் தங்காது. அதற்கு மேட்டில் ஏறி, பஸ் திரும்பும் வளைவுக்குப் போக வேண்டும். சமையற்கட்டின் தகரக்கூரை துருப்பிடித்து, மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே சிறிது நேரம் பெய்யும். அண்டா, குண்டா, போசி என்று வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் சமையலுக்குக் கொஞ்சமும் ஒழுகலுக்கு மிச்சமுமாகப் பங்கிடப்பட்டிருந்தன.

அந்தச் சமையற்கட்டில்தான் சின்னத்தாயி சுற்றுலாக் காட்டேஜ்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். ரைட்டருக்கு வந்த பென்ஷன் காப்பித்தூளுக்கு ஆனது. குடும்பம் மாவில் ஓடியது. போன ஐப்பசியில் ஒரு காட்டேஜ்காரர் மாவுத் தூக்கைத் திருப்பி அனுப்பினார். உள்ளே துருத்தண்ணி சொட்டி மாவு செம்மண் நிறத்தில் இருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார். ஆகவே பணிக்கொடைப் பணம் வந்ததும் சின்னத்தாயி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கூரையை மாத்திரலாமுங்களா?"

"அசலைத் தொடக்கூடாது."

"அசலைத் தொடலீங்க. கூரையைத்தான் தொடலாங்கறேன்."

"கூரைக்கு அசலைத்தான தொடோணும்? மொளகுக்கொடி படர்ந்த மரத்தை வெட்டி அடுப்பெரிப்பியா? மரம் நிக்கோணும். மொளகை மட்டும் பறிச்சுத் திங்கோணும்."

இப்படித்தான் ஈவுத்தொகை அந்த வீட்டுக்குள் நுழைந்தது. நல்ல கம்பெனிகளில் பங்கு வாங்கிப் போட்டுவிட்டு, விற்காமல், வருஷா வருஷம் அவர்கள் லாபத்தில் தரும் ஈவைக் கொண்டு காலம் தள்ளுவது. யாரும் "எதுக்கு?" என்று கேட்க மாட்டார்கள். கம்பெனிக்கு மருமகள் கிடையாது.

ஐயாக்கண்ணு எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். ஒரு மழைக்காலம் முழுக்க வளைவில் குடை பிடித்து நின்றபடி போனில் படித்தார். படித்ததையெல்லாம் மாவாட்டும் மனைவியின் முதுகுக்குச் சொன்னார்.

"ஈவு எச்சா தர்றான்னு ஓடிப்போயி வாங்கிரக்கூடாது புள்ள. பங்கு வெல சரிஞ்சாலும் பர்சன்ட்டு ஏறுனாப்பல தெரியும்."

"பட்டுப்போற கமலா ஆரஞ்சு மரம் கடைசி வருஷம் கொள்ளையாக் காய்க்குமே, அந்த மாதிரிங்களா?"

"குறுக்கே பேசாத. சம்பாதிக்கறது பூராத்தையும் ஈவாக் குடுக்கறவனும் வேண்டாம். பாதியை உள்ள வெச்சுத் தொழிலை வளக்கோணும். கடன் கம்மியா இருக்கோணும். லாபம் ஏட்டுல மட்டும் இருந்தாப் பத்தாது, கையில காசா வரோணும். ஒரே கம்பெனியில எல்லாத்தையும் கொட்டக்கூடாது."

"கடைசியா?"

"கடைசிதான் முக்கியம். ஈவை நிறுத்திட்டான்னா மறு நாளே வித்துரோணும். ஈவு இல்லையா, இரக்கமும் இல்ல. அதுக்குப் பேருதான் ஈவிரக்கம்."

சின்னத்தாயி கிரைண்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னதில் அவள் கவனமாகக் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று ஐயாக்கண்ணு அப்போது அறியவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மாவை வழிக்கத் தொடங்கினாள்.

பங்குக் கணக்கை மனைவி பேரில் தொடங்கினார். வருமானம் இல்லாதவர் பேரில் இருந்தால் ஈவுக்கு வரி வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. புருஷன் பணத்தில் பெண்டாட்டி பேரில் வாங்கினால் வருகிற வருமானம் புருஷன் கணக்கில்தான் சேரும் என்று சட்டம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. கணக்கு அவள் பேரில் என்பதால் போன் நம்பரும் அவளுடையது. எதை விற்பதென்றாலும் அவள் போனுக்குத்தான் ஓடிபி வரும். அவர்தான் விற்கப் போவதே இல்லையே! எனவே அதைப் பற்றி அவர் யோசிக்கவும் இல்லை.

கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் விசேஷம். மற்றவர்கள் என்னென்னவோ விகிதாசாரங்களைப் பார்ப்பார்கள். ஐயாக்கண்ணு வருகைப் பதிவு பார்த்தார். போன இருபது வருஷத்தில் எந்தெந்த வருஷம் ஈவு கொடுத்தான்? கொரோனா வருஷம் வேலைக்கு வந்தானா, வீட்டில் படுத்துக்கொண்டானா? சுழி விழுந்தவன் வெளியே. மிஞ்சியவர்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தினமும் காலைக் காப்பியோடு பேர் கூப்பிடுவார். பதில் சொல்லும் வேலை சின்னத்தாயிக்கு.

"சோப்புக் கம்பெனி!"

"உள்ளேனுங்க ஐயா."

"மின்சாரக் கம்பெனி!"

"உள்ளேனுங்க ஐயா. ஆனாக் கரண்டு இல்லீங்க."

"நாச்சியார்!"

நாச்சியார் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் குழையும். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி. காப்பிப்பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷின் செய்கிறவர்கள். எஸ்டேட்டில் அவர் சேர்ந்த நாளில் ஓடிய நாச்சியார் மிஷின் அவர் விடைபெற்ற நாளிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கம்பெனியில் கொட்டக்கூடாது என்று சொன்ன அதே வாயால், "இது கம்பெனி இல்ல புள்ள, கூட வேலை பாத்த ஆளு" என்று சொல்லி, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நாச்சியாரில் போட்டார்.

"எனக்குக்கூட இவ்வளவு செஞ்சதில்லீங்க," என்றாள் சின்னத்தாயி.

"உனக்குந்தான் செய்யறேன். சேர்வராயன் சாமி மேல சத்தியமாச் சொல்றேன், வர்ற ஈவு பூராவும் கூரைக்குத்தான்."

முதல் வருஷ ஈவு வந்தது. ஒண்டிக்கடையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாயிடம் போய் விலை கேட்டார்கள். பாய் ஒரு தகட்டைத் தட்டிக் காட்டினார்.

"இந்தக் காசுக்கு ரெண்டு தகடு வருங்க ரைட்டரய்யா. மூணாவதுல ஒரு மூலையை வேணா வெட்டித் தர்றேன்."

"நீண்டகால நோக்குல பாக்கோணும் பாய். இப்படியே போனா எட்டு வருஷத்துல மொத்தக் கூரையும் ஆயிரும்."

"எட்டு வருஷங்களா?" என்றாள் சின்னத்தாயி. "அப்ப மேல போடற தகடு எனக்குக் கூரையா இருக்குமோ, எழவுக் கொட்டகையா இருக்குமோ."

பாய் தகட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

இரண்டாம் வருஷம் வைகாசியில், சாரல் அடித்த ஒரு காலை, ஐயாக்கண்ணு வளைவில் நின்று நாச்சியாரின் அறிவிப்பைப் படித்தார். முதலாளியின் இரண்டு மகன்களுக்குள் வழக்கு. புது ஆலைக்கு வாங்கிய கடன் வேறு. 'இவ்வாண்டு ஈவு வழங்க இயக்குநர் குழு பரிந்துரைக்கவில்லை.' பரிந்து உரைக்கவில்லை! என்ன பரிவான மொழி! குடையிலிருந்து வழிந்த தண்ணீர் போன்மேல் விழுந்து எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டியது.

அவருடைய சட்டப்படி மறு நாளே பேரை வெட்ட வேண்டும். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் அவர் வெட்டாத ஒன்று உண்டென்றால் அது பேர்தான். கை நடுங்க ஆரம்பித்த கிழவிகளை அவர் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. காயவைத்த காப்பிக்கொட்டையில் கறுப்புப் பொறுக்க உட்கார்த்தி வைத்துவிட்டு முழு நாள் போடுவார். "இந்தம்மா பேரு இன்னும் எதுக்கு?" என்று மானேஜர் கேட்டால், "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்பார். அடுத்த மாசம் வந்ததே இல்லை. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பேர் கூப்பிடும் வேலையை அது எடுத்துக்கொண்டது. அது வெட்டிய முதல் பேர் ஐயாக்கண்ணு.

வீட்டுக்கு வந்தார். காப்பி வந்தது. பேர் கூப்பிட்டார்.

"நாச்சியார்."

"உள்ளேனுங்க ஐயா," என்றாள் சின்னத்தாயி. பிறகு, "ஏனுங்க, தொண்டை கட்டியிருக்குதா?"

"பனி."

ஆடி போய் ஆவணி வந்தது. மற்ற ஐந்து கம்பெனிகளின் ஈவும் வரவாகி, அவள் போனில் செய்தி வந்தது. ஆறாவது வரவில்லை.

"நாச்சியார் மெசேஜு வரலீங்களே?"

"தபால்ல வரும்."

"போன வருஷம் போன்ல வந்துச்சுங்க."

"மொறையை மாத்திட்டாங்க."

"வெலையும் பாதியாப் போச்சுன்னு பால்பூத்துப் பையன் வசந்த் சொன்னானே? போனைக்கூடக் காட்டினானுங்க."

"வசந்துக்கு என்ன தெரியும்? வெல பாதியானா நல்லதுதான் புள்ள. போன வருஷ ஈவை இப்பத்த வெலையில வகுத்துப் பாரு, பன்னெண்டு பர்சன்ட்டு!"

"போன வருஷ ஈவு தானுங்களே?"

"ஆமா."

"போன வருஷம் தின்ன சோத்துக்கு இந்த வருஷம் ஏப்பம் உடற மாதிரிங்களா?"

ஐயாக்கண்ணு எழுந்து போய், நிரம்பி வழிந்த ஒரு குண்டாவைத் தூக்கி வெளியே கொட்டினார். அவராகச் செய்த உதவி அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் பெய்தது. பீரோவில் வேட்டி பூசணம் பூத்தது. சின்னத்தாயி மாவுத் தூக்குகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, தார்ப்பாய்க்கு வெளியே தான் நனைந்தவாறு அரைத்தாள். ஒரு நாள் அரைப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் மழை.

"ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்னுங்க பண்ணுவேன்?"

"எனக்கு என்ன ஆகுது?"

"ஆகாதுங்க. ஆனா ஆச்சுன்னா? இத்தனை பங்கும் என்ற பேருல கெடக்குது. எனக்கு அதைத் தொறக்கக்கூடத் தெரியாது. ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாங்க? ரைட்டரு எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தாரு, பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுக்கலைன்னு பேசமாட்டாங்களா?"

ஓய்வு பெற்ற பின் ஐயாக்கண்ணுவிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. தன் சாவைப் பற்றிய பேச்சு என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. மறு நாள் காலை மாணவியை வளைவுக்கு அழைத்துப் போனார். ஒரே குடைக்கடியில் வகுப்பு நடந்தது. கணக்கைத் திறப்பது, பார்ப்பது, வாங்குவது. மாணவி நல்ல சூட்டிகை.

"விக்கறது எப்படிங்க?"

"அது உனக்கு வேண்டியதில்ல. நம்மளது நீண்டகால முதலீடு."

"நீங்க போயிட்டா சாங்கியம் செய்யக் காசு வேண்டாமுங்களா? பொணத்தை வெச்சுக்கிட்டு தினேஷுக்குப் போன் போட்டா, அவன் பொண்டாட்டி மெதுவா 'எதுக்கு'ன்னு கேப்பாளே?"

அந்தக் கேள்வி அவருக்குள் எங்கே போய்த் தைக்குமோ அங்கே போய்த் தைத்தது. தன் பிணத்துக்காகவும் ஒருவரிடமும் கை நீட்டக்கூடாது. சொல்லிக்கொடுத்தார். நான்கு இலக்க ரகசிய எண்ணையும் சொன்னார். அவர் எஸ்டேட்டில் சேர்ந்த வருஷம். பிறகு, வாத்தியார் ஆனவருக்கெல்லாம் வரும் ஆசை அவருக்கும் வந்தது. பரீட்சை வைத்தார்.

"சரி, நான் செத்துட்டேன்னு வெச்சுக்க. மொதல்ல எதை விப்ப?"

"நல்லா சம்பாதிக்கறதை விப்பேனுங்களா? வேலைக்கு வராததைத்தான் விப்பேன்."

"சரியான விடை!" என்றார் ஐயாக்கண்ணு, பெருமையில் குடையைச் சாய்த்து இருவரையும் நனைத்தபடி. "உதாரணத்துக்கு நாச்சியாரையே வெச்சுக்க. இங்க தொடு. ஆறு நம்பர் ஓடிபி ஒண்ணு வரும். அதைப் போட்டியோ, முடிஞ்சுது. போட்டறாத."

"இப்பப் போடலீங்க," என்றாள் அவள்.

இந்த 'இப்ப' என்ற சொல்லை அவர் கவனித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துக் கண்புரை பார்க்கச் சேலம் போனார். கண்பாப்பா விரிய மருந்து ஊற்றி, பார்த்து, இன்னும் முற்றவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். முற்றாத கண்ணோடு சாயங்கால பஸ்ஸில் மலையேறி வந்து வளைவில் இறங்கினார். உலகம் முழுக்க நீராவி. வளைவில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. கீழே பள்ளத்தில், அவர் வீடு இருக்க வேண்டிய இடத்தில், நீலமாக ஏதோ பளபளத்தது.

"ரைட்டரய்யா, வாங்க!" வண்டிப் பக்கமிருந்து ரஹமத்துல்லா பாயின் குரல். "நல்ல கனமான தகடுங்க. உங்க பேரன் காலத்துக்கும் வரும். நீண்டகால நோக்குன்னு சொன்னீங்கல்ல?"

"யாரு... யாரு காசு பாய்?"

"அக்காதான் குடுத்தாங்க. கடன் சொல்லலீங்க, முழுசா."

ஐயாக்கண்ணு படிகளைக் கையால் தடவி இறங்கினார். மழை வலுத்தது. சமையற்கட்டில் நுழைந்ததும் முதலில் ஏதோ குறைவது போலிருந்தது. பிறகு புரிந்தது: சொட்டும் சத்தம். அண்டாவும் குண்டாவும் போசியும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மாவுத் தூக்குகள் வரிசையாக, வெள்ளை வெளேரென்று. மேலே மழை தகட்டைப் போட்டு அறைந்தது. ஒரு சொட்டு கீழே வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கண் மருந்து என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"நாச்சியாரை வித்துட்டயா?"

"பாடம் எடுத்த மறு நாளே வித்துட்டனுங்க. மறு நாளேன்னு நீங்கதான சொன்னீங்க? நான் அஞ்சு மாசம் லேட்டுங்க."

"பாதி வெலைக்கா?"

"மீதிப் பாதியாவது வந்துச்சுங்களே. இன்னைக்கு அதுலயும் பாதியாம். வசந்த் சொன்னானுங்க."

"அசலு புள்ள! அசலைத் தொட்டுட்டயே!"

"அசலு எங்கீங்க இருந்துச்சு? அதுதான் பாதி போயிருச்சே. நான் தொட்டது நகலுங்க."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நாச்சியாருக்காகப் பேச இந்த உலகத்தில் தன்னை விட்டால் யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"முப்பது வருஷம் ஒரு வருஷம் தவறாம ஈவு குடுத்தது. ஒரே ஒரு வருஷம் நின்னுபோச்சு. அதுக்குள்ள பேரை வெட்டிட்டயே! இத்தனை காலம் ஒழைச்சதுக்கு ஒரு மரியாதை இல்லையா? கொஞ்ச காலம் சும்மா வெச்சுப் பாத்திருந்தா என்ன கெட்டுப்போகும்? மனசுன்னு ஒண்ணு வேண்டாமா சின்னத்தாயி?"

சின்னத்தாயி அவர் எதிரில் தட்டை வைத்தாள். ஆவி பறக்கும் இட்லி இரண்டு வைத்தாள். சற்று யோசித்து மூன்றாவதும் வைத்தாள். சட்னியை ஊற்றியபடி சொன்னாள்:

"ஈவு நின்னுபோன ஒண்ணை நான் ஏற்கெனவே ஊட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். ரெண்டாவது எதுக்குங்க?"